மீனம்மாவின் வலது கால்

குவைத்
12.03.2006

அடி பூரணி,

என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். வந்து ஐந்து மாதத்தில் உனக்கு நான் எழுதும் இரண்டாவது காகிதம் இது. வீட்டுக்கார மதாம் போனைத் தொட விடமாட்டாள். பேனையைப் பிடிக்கலாம் என்றால் அவள் தங்கச்சி வீட்டுத் துணியும் சேர்ந்து என் தலையில்தான். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அம்மா சொல்லச் சொல்ல நீ எழுதிய காகிதம் வந்தது. அதன் அடியில் உன் சங்கதியை ஒரே வரியில் போட்டிருக்கிறாய், கள்ளி. தோட்டத்து மருந்து வீட்டில் கொம்பியூட்டர் வைத்து, கொழும்பு டொக்டருக்கு நோயாளியைக் காட்டுகிற வேலையாமே! ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீட்டுக் காம்பராவில் பிறந்தோம். நீ டொக்டரோடு பேசுகிறாய், நான் இங்கே கக்கூஸ் கழுவுகிறேன். எனக்குப் பொறாமைதான். பொய் சொல்லவில்லை.

அம்மாவின் இடது பாதத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, ஒரு மாதமாக ஆறவில்லை என்று எழுதியிருந்தாய். வலது பாதத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டின மலையில் கட்டை குத்திய பழைய தழும்பு இருக்கிறது. இனி இதுவும் அதற்குத் துணையா? உன் மெசினில் அந்தப் புண்ணைக் காட்டு. டொக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. பதில் வருகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

இனி வருவதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

அம்மா, நான் திரும்பி வர இன்னும் ஒன்றரை வருசம் இருக்கிறது. அது வரைக்கும் காம்பராவை விட்டுவிடாதே. நம் வீட்டில் கொழுந்துக்குப் போகிற ஆள் நீ ஒருத்திதான். வேலைக் கணக்கில் உன் பேர் விழாமல் நின்றால் தோட்டத்துத் தொரை காம்பராச் சாவியைக் கேட்பார், என் பிள்ளை பிரியந்தியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாய்? அவள் அப்பன் வந்து பார்க்கப்போவதில்லை. எது வந்தாலும் வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதே, அம்மா.

சண்முகவடிவு


வெள்ளைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு
பொகவந்தலாவை
16.04.2006

அன்பு வடிவுக்கு,

புதுவருசத்துக்குப் பத்து நாள் முன்னே உன் காகிதம் கிடைத்தது. மீனம்மா அத்தைக்கும் வாசித்துக் காட்டினேன். பிரியந்தி முதலாம் வகுப்பில் முன்வரிசையில் உட்காருகிறாள்.

என் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளினிக். ஆட்கள் வந்து நோயைச் சொல்வார்கள். நான் அதை ஆங்கிலத்தில் அடித்து, புண்ணோ சொறியோ இருந்தால் சின்னக் கெமராவில் படம் எடுத்து, டொக்டர் கனகாம்பிகைக்கு அனுப்புவேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் இருக்கிறார். ஒரு படம் போய்ச் சேரப் பத்து நிமிசமாகும். அதற்குள் தொரை போனைத் தூக்கினால் எல்லாம் அறுந்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன் லைன் தோட்டத்து ஆபிசுடையது. பதிலும் ஆபிசுக்குத்தான் வரும். பெரிய கிளாக்கர் அதை அச்சடித்து ஒரு தாளைத் தன் பைலில் போட்டுவிட்டு மற்றதை என்னிடம் தருவார். டொக்டருக்கு நேரே போகிற மின்னஞ்சல் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சும்மா பெருமைக்குத்தான்.

கடைசி லயத்து வேலாயி அக்கா இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார்கள். கூறைச்சேலை, தலை நிறையப் பூ, முகத்தில் அரை டின் பவுடர். அக்கா, இருமல் படத்தில் தெரியாது என்றேன். தெரியாட்டியும் பரவாயில்ல, படத்துல ஒரு கொப்பி குடு என்கிறார்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் பிழை பிழையாக அடிபட்டது.

அத்தையும் வந்தார்கள். பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். தோலில் லேசான வெடிப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் எழுதி, பூசுவதற்கு மருந்தும் சொல்லியிருக்கிறார். நீ நிம்மதியாக இரு.

வேறு எழுத நிறைய இருந்தது. இப்போது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

பூரணி


குவைத்
21.05.2006

என் ராசாத்தி பூரணி,

உன் காகிதத்தை இங்கே எத்தனை பேருக்கு வாசித்தேன் தெரியுமா? குப்பை போடப் போகிற இடத்தில் நம் நாட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சேருவோம். எங்கம்மா காலைக் கொழும்பு டொக்டர் கொம்பியூட்டரில் பார்த்தாங்களாம், எங்க லயத்துப் பிள்ளைதான் காட்டுச்சாம் என்று சொன்னேன். கேகாலையிலிருந்து வந்த நோனா ஒருத்தி நம்பவே இல்லை. அவளுக்குச் சிங்களத்தில் சொல்லி, முகவரியையும் காட்டின பிறகு வாயை மூடினாள்.

முன்னேயெல்லாம் கால் வீங்கினால் கொழுந்து லொறியில் ஏற்றித்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள்? பாதி வழியில் செத்தவர்கள் எத்தனை பேர். நீ நல்லா இருப்படி. உனக்கு ஒரு பச்சைத் துப்பட்டா எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா பேர் விடாமல் மலைக்குப் போகிறாள்தானே?

வடிவு


வெள்ளைப்பாறைத் தோட்டம்
10.09.2006

அன்பு வடிவுக்கு,

இந்தக் காகிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. அத்தை உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் மலையில் மயங்கி விழுந்துவிட்டார்கள். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் சீனி வியாதி மிச்சம் கூடியிருக்கிறதாம், அது இவ்வளவு காலமும் யாருக்கும் தெரியாது. புண் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது என்று சொல்லி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நான் பக்கத்திலேயே இருந்தேன். பிரியந்தி என் அம்மாவோடு இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பள்ளிக்கும் போகிறாள். தோட்டத்தில் இன்னும் காம்பராவைப் பற்றிப் பேசவில்லை.

மெசினில் எல்லாம் சரியாகத் தெரிவதில்லை, வடிவு. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எவ்வளவு தெரியும்.

பூரணி


குவைத்
01.10.2006

பூரணி,

இரண்டு நாளாக மதாமிடம் எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்திருந்தேன். அம்மா நடந்து வருகிற சத்தம் எனக்குத் தெரியும், லயத்து வாசலில் எத்தனை பேர் நடந்தாலும் அம்மா வருவது தெரியும். இனி அந்தச் சத்தம் இல்லை.

ஒன்றுமில்லை என்று எழுதினாளே அந்த டொக்டர், அவளுக்குக் கண் இல்லையா? புண்ணைப் பார்த்துவிட்டு வெடிப்பு என்கிறாள். லயத்துச் சனம்தானே, கால் போனால் என்ன என்று நினைத்துவிட்டாள். உன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நீ காட்டினாய், அவள் பார்க்கவில்லை.

மதாமின் பெரிய மகளுக்கு என்மேல் இரக்கம். அவள் கொம்பியூட்டரில் உட்கார்ந்து, நீ எழுதித் தந்த முகவரிக்கு நான் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினாள். உன்னை விடமாட்டேன், வழக்குப் போடுவேன் என்று எழுதச் சொன்னேன். அந்த டொக்டரிடமிருந்து பதில் வரட்டும்.

வடிவு


வெள்ளைப்பாறைத் தோட்டம்
20.10.2006

வடிவு,

ஏன் அப்படி எழுதினாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டொக்டர் நல்லவர். பிள்ளை, சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டுத்தான் என்னோடு வேலையைத் தொடங்குவார். போன வெள்ளிக்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. தயவுசெய்து அதைத் திருப்பி எடுத்துக்கொள். நடந்தது நடந்துவிட்டது.

அத்தை கோல் ஊன்றி நிற்கப் பழகுகிறார்கள்.

பூரணி


குவைத்
05.11.2006

செல்வி பூரணி அவர்களுக்கு,

டொக்டர் பதில் போட்டிருக்கிறார். அம்மாவைப் பற்றி மிகவும் வருத்தப்பட்டிருக்கிறார். தான் பார்த்த படத்தையும், அதோடு நீ அடித்து அனுப்பிய தாளையும் எனக்கே அனுப்பியிருக்கிறார். மதாமின் மகள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

பெருவிரலுக்குக் கீழே கவ்வாத்துக் கட்டை குத்திய தழும்பு இருக்கிறது. நான் எட்டு வயதில் என் பாவாடையைக் கிழித்துக் கட்டுப் போட்ட கால் அது. எனக்குத் தெரியாதா?

தாளில் லெப்ட் புட், இடது பாதம் என்று அடித்திருக்கிறாயாம். மதாமின் மகள் வாசித்துச் சொன்னாள்.

படம் நன்றாகத் தெளிவாக இருக்கிறது. உன் மெசினில் ஒரு குறையும் இல்லை.

ஏன்?

சண்முகவடிவு


வெள்ளைப்பாறைத் தோட்டம்
26.11.2006

வடிவு,

கேட்டுவிட்டாய். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கை தவறி நடந்தது என்று எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவ்வளவு கேவலமானவளாகிவிட்டேன்.

உன் முதல் காகிதத்தில் இரண்டு காரியம் எழுதியிருந்தாய். காலை டொக்டருக்குக் காட்டு, வேலைக்குப் போவதை நிறுத்தாதே. இரண்டையும் ஒரே மூச்சில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அதற்கு முந்தின மாதம்தான் தேயிலை ஸ்டோரில் வேலை செய்த நல்லமுத்து மாமாவுக்கு நெஞ்சு பலவீனம், பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டரின் பதில் வந்திருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியது. பெரிய கிளாக்கர் அந்தத் தாளைப் பைலில் போட்டார். மாதம் முடிவதற்குள் மாமாவின் பேரை வெட்டினார்கள், அடுத்த மாதம் காம்பராவையும் கேட்டார்கள். இப்போது நோட்டன் பிரிட்ஜில் மகள் வீட்டு அடுப்படியில் படுத்துக் கிடக்கிறார். இது உனக்குத் தெரியாது, நான் எழுதவில்லை. என் மெசினால் ஒருவருக்கு வீடு போனது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அத்தை கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியைக் கிழித்து இடது பாதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். சுற்றிக் கறுத்து, நடுவில் வெள்ளையாக இருந்தது. நாற்றமும் இருந்தது. நான் கெமராவை எடுத்ததும் அத்தை காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"இதப் புடிச்சா நேரா ஆபிசுக்குத்தான போவும், பூரணி? நல்லமுத்து அண்ணனுக்கு வந்த மாதிரி எனக்கும் ஒரு தாள் வரும். இந்தா, இந்தக் காலப் புடி. ஒண்ணுமில்லன்னு டொக்டரம்மா எழுதட்டும். வடிவும் மனசு ஆறட்டும்."

ஒரு தரம் வேண்டாம் அத்தை என்றேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. வாசலில் பதினாறு பேர் நின்றார்கள், லைன் அறுந்து அறுந்து வந்தது. எடுத்தேன். புண் இடது பாதத்தில் என்றுதானே எல்லோருக்கும் தெரியும் என்று இடது என்றே அடித்தேன். அடுத்த வாரம் எப்படியாவது பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் கேட்டால், கொழுந்து நிறைய இருக்கும் நேரம், ஒரு நாள் பேரை விட முடியுமா என்றார்கள். அதற்கடுத்த வாரம் நான் கேட்கவில்லை. பிறகு அத்தை மலைக்குப் போகிற நேரத்தில் வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டேன். நொண்டி நடப்பதைப் பார்க்க முடியவில்லை.

டொக்டருக்கு ஒரு வரி அடித்திருக்கலாம். ஒரே வரி. எத்தனையோ வெள்ளிக்கிழமை அடித்து அடித்து அழித்தேன். பொய்ப் படம் அனுப்பினாள் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். அது போனால் எனக்கும் கொழுந்துக் கூடைதான். அத்தையின் காலை என் நாற்காலிக்கு விலையாகக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் நீ கண்டுபிடிக்கவே மாட்டாய், அதனால்தான் சொல்கிறேன். அன்றைக்கு வந்த பதிலின் அடியில் டொக்டர், படம் மிகத் தெளிவு, நன்றி பூரணி என்று எழுதியிருந்தார். அந்தத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன், வடிவு. அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார்கள். அத்தை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. இப்போது என் தலையணைக்குக் கீழே இருக்கிறது. கிழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

உன் காகிதத்தைச் சொல்லி உன்னைக் குத்திக்காட்டவில்லை. அப்படித் தோன்றினால் என்னை மன்னித்துவிடு. மன்னிக்க வேண்டியது வேறு நிறைய இருக்கிறது என்பதும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை டொக்டருக்கு எல்லாவற்றையும் அடித்து அனுப்பிவிட்டு, ஏச்சு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். ஆபிஸ் போனுக்கே எடுத்தார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"இன்னும் எத்தின பேர் பிள்ளை உங்கை நல்ல காலைக் காட்டியிருப்பினம்?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்ப போய்க் கேட்டுக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பூரணி


குவைத்
24.12.2006

பூரணி,

உன் காகிதத்தை ஒன்பது நாள் திறந்து திறந்து மூடினேன். முதல் மூன்று நாள் உன் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. உன்னை நினைத்தாலே வாய் கசந்தது. பிறகுதான் நான் எழுதினது ஞாபகத்துக்கு வந்தது. எது வந்தாலும் என்று எழுதினேனே. எதெல்லாம் வரும் என்று நினைத்து எழுதினேன்? ஒன்றையும் நினைக்கவில்லை. காம்பராதான் கண்ணுக்குள் இருந்தது.

அம்மாவுக்கு என்று எழுதினதில் புண்ணைப் பற்றி ஒரு வரியும் கேட்கவில்லை, பேரைப் பற்றி ஆறு வரி எழுதினேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதினதிலும் கடைசி வரி பேர்தான். இவ்வளவு நாளும் டொக்டரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன். குப்பை போடுகிற இடத்தில் இப்போது யாரோடும் பேசுவதில்லை. அந்த நோனா, அம்மாட்ட தென் கொஹொமத என்று விசாரித்தாள். அம்மா இப்போது எப்படியாம் என்று எவ்வளவு அன்பாகக் கேட்கிறாள். நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

என் அந்த முதல் காகிதம் அம்மாவிடம் இருந்தால் வாங்கிக் கிழித்துவிடு. வேண்டாம், கிழிக்காதே. நான் வந்து பார்க்க வேண்டும்.

உன்னை மன்னித்தேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. பச்சைத் துப்பட்டாவை யாருக்கும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லலாம்.

மதாமிடம் அழுது மன்றாடினேன், பெப்ரவரியில் போக விடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்து நான் பேர் பதிகிறேன். செத்தாலும் கூடை தூக்கமாட்டேன் என்று உன் முன்னாலேயே சத்தியம் பண்ணினவள்தான். அது வரைக்கும் சாவியைக் கேட்காமல் இருக்கச் சொல்லித் தொழிற்சங்கத் தலைவரைக் கொண்டு தொரையிடம் பேசச் சொல்.

ஒரு காரியம் செய். அம்மாவின் காலைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. வெட்டின காலை. வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, திடீரென்று பார்த்து, அம்மா முன்னால் முகத்தைத் திருப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இங்கேயே பார்த்துப் பழகிக்கொள்கிறேன்.

இந்தத் தரம் சரியான காலை எடு.

வடிவு


வெள்ளைப்பாறைத் தோட்டம்
21.01.2007

வடிவு,

தலைவர் பேசினார். மார்ச் முடியும் வரைக்கும் சாவியைக் கேட்கமாட்டார்களாம். அதற்கு மேல் சொல்ல முடியாது என்கிறார் தொரை. நீ வந்துவிடு.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டொக்டர் கொழும்பில் யார் யாரிடமோ சண்டை பிடித்து, பதிலெல்லாம் ஒட்டின உறையில் நோயாளியின் கைக்கே வரும்படி செய்துவிட்டார். ஆபிசுக்கு ஒரு கொப்பியும் இல்லை. பெரிய கிளாக்கர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

டொக்டர் கேட்கச் சொன்னதை லயம் லயமாகப் போய்க் கேட்டேன். முதல் நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் அத்தைக்குச் செய்ததை முதலில் சொன்னேன். எல்லா வாசலிலும் நின்று சொன்னேன். சில பேர் என்னைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மேற்பிரிவில் மட்டும் ஏழு பேர். வேலாயி அக்கா பவுடர் போட்டு வந்ததை உனக்குச் சிரிப்பாக எழுதினேனே. அது படத்துக்காக இல்லையாம். முகம் வெளுத்துப் போனது தெரியக்கூடாது என்பதற்காகவாம். பத்து மாதமாக இருமலில் ரத்தம் வருகிறது. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

நீ கேட்டதை அத்தையிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை, உன் காகிதத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். எல்லா வரியையும். கேட்டுவிட்டு, அவ என்னத்துக்கு அழுவுறா, நான்தான நீட்டுனேன் என்றார்கள். வெள்ளிக்கிழமை தானாகவே கோலை ஊன்றிக்கொண்டு, பிரியந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பூவும் வைக்கவில்லை, நல்ல சேலையும் கட்டவில்லை.

மர வாங்கில் உட்கார வைத்துக் கெமராவைத் தூக்கினேன். அத்தை பழக்கத்தில் வலது காலைத்தான் முன்னால் நீட்டினார்கள். மற்றக் காலை நீட்டச் சொல்ல எனக்கு என்ன தகுதி? கெமராவைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தை அந்தக் காலைத் தானாகவே பின்னால் இழுத்துக்கொண்டு, சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றி, மற்றதை நீட்டினார்கள்.

படம் இதோடு இருக்கிறது.

பூரணி